மமவும் மாமாவும்

றெபேக்கா ரீச்சர் வகுப்புக்குள் வந்தால், சுவரில் கிடக்கிற பல்லிகூடக் கத்துவதற்கு முன் ஒருமுறை யோசிக்கும் என்று கல்லடிப் பிள்ளைகள் சொல்வார்கள். அந்தப் பல்லியை மறந்துவிடாதீர்கள் பிள்ளைகளே, அது பிறகு வரும்.

பள்ளிக்கூடங்களைப் பூட்டி, பாடமெல்லாம் போனுக்குள் போய்விட்ட காலம். மற்ற ஆசிரியர்கள் அழாக்குறையாகத் திரிந்தார்கள். றெபேக்கா ரீச்சருக்கோ கொண்டாட்டம். இத்தனை வருடமாகத் தொண்டை வறளக் கத்தி அவர் வாங்கிய அமைதியை, இந்தச் சூம் என்கிற சாமான் ஒரு விரல் தொட்டதும் தூக்கிக் கொடுத்தது. மியூட் என்று அதற்குப் பெயராம். ரீச்சர் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. பத்தாம் தரத்துப் பிள்ளைகள் முப்பது பேருக்கும் ஒரே பூட்டு. திறப்பு ரீச்சரின் கையில்.

அவர் படிப்பித்தது தமிழ். குறில், நெடில், மாத்திரை என்று தொடங்கினால் மூச்சு விடாமல் போவார். பாடத்தின் கடைசியில், "விளங்கிற்றா?" என்று கேட்பார். பூட்டிய வாய்கள் என்னத்தைச் சொல்லும்? முப்பது தலைகள் மேலும் கீழும் ஆடும். ரீச்சருக்கு அது போதும்.

சரியாகச் சொன்னால், இருபத்தொன்பது தலைகள்தான் ஆடும். சுலக்ஷனாவின் தலை ஆடாது. அவளிடம் ஒரு கேள்வியைத் திருப்பினால் போதும், இருந்த இருப்பிலேயே உறைந்துவிடுவாள். வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, கை காதடியில். "ரீச்சர், அவக்கு நெற் ஸ்ரக்" என்று மற்றப் பிள்ளைகள் எழுதிப் போடுவார்கள். ரீச்சரும் பாவம் என்று அடுத்த பிள்ளையிடம் போவார்.

ஒருநாள் அப்படித்தான் கேட்டார்.

"சுலக்ஷனா, 'கல்' எண்டதுக்கும் 'கால்' எண்டதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு புள்ள."

சுலக்ஷனா உறைந்தாள். ரீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைக் கிட்டப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், கூரை வளையில் தொட்டிலாகக் கட்டியிருந்த சேலை ஏணையில் அவளுடைய தம்பி கிடந்தான். ஏணை இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் வந்து, சுகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"சுலக்ஷனா," என்றார் ரீச்சர், குரலைத் தாழ்த்தி. "உன்ட நெற் நிண்டுபோச்சு, விளங்குது. உன்ட தம்பிட ஏணைக்கு மட்டும் எந்தக் கொம்பனிட நெற் புள்ள?"

உறைந்த முகத்தில் உதடு மட்டும் துடித்தது. மறுகணம் அவளுடைய சதுரம் கறுத்துப்போனது.

ரீச்சர் ஏசித் தீர்த்தார். ஆனால் உள்ளுக்குள், சொல்லக் கூடாது, மெச்சினார். அவ்வளவு நேரமும் பிள்ளை கண் வெட்டவில்லையே!

காலையில் திறப்பு வைத்திருந்த இதே ரீச்சருக்கு, பின்னேரம் இன்னொருத்தி பூட்டுப் போட்டாள் என்றால் நம்புவீர்களா?

சங்கதி இதுதான். பள்ளிக்கூட அதிபர் பென்சனில் போகப்போகிறார். அடுத்தது பிரதி அதிபர் றெபேக்கா ரீச்சர்தான் என்பது கன்ரீன்காரருக்கும் தெரியும். ஒரேயொரு முடிச்சு விழுந்து கிடந்தது. சிங்களத்தில் வாய்மொழிப் பரீட்சை ஒன்று சித்தியடைய வேண்டும். எழுத்துப் பரீட்சையைப் பாடமாக்கியே தாண்டிவிட்டார். வாய்தான் மிச்சம். அது தவறினால் கதிரை சதீசன் மாஸ்டருக்குப் போகும். சதீசன் புது ஆசிரியராக வந்தபோது, வரவு கூப்பிடுவது எப்படி என்று காட்டிக் கொடுத்ததே றெபேக்கா ரீச்சர்தான். அந்தச் சதீசன் அதிபர் கதிரையில் சாய்ந்திருக்க, தான் லீவுக் கடதாசியோடு கதவடியில் நிற்பதை நினைத்தால் ரீச்சருக்குத் தேத்தண்ணி இறங்காது.

ஆகவே ஆசிரியர்களுக்கான சிங்கள வகுப்பில் சேர்ந்தார். அதுவும் சூமில்தான். சதீசன் மாஸ்டரும் அங்கே இருந்தார். படிப்பித்தவள் காத்தான்குடிப் பிள்ளை, ரிப்கா. கண்டிப் பக்கம் வளர்ந்து படித்தவள். றெபேக்கா ரீச்சரின் மகளாக இருக்கிற வயது.

"தங்கச்சி, என்ட சத்தம் கேக்குதா?" என்று முதல்நாள் ரீச்சர் கேட்டார்.

"நல்லாக் கேக்குது ரீச்சர். ஆனா வகுப்பு முடியிற வரைக்கும் நான் மிஸ். முடிஞ்ச பிறகு தங்கச்சி. சரிதானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும் ரீச்சருக்கு உள்ளே சுருக்கென்றது. இந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். அவரே எத்தனை புதுப் பிள்ளைகளுக்கு அதைச் சிரித்துக் காட்டியிருக்கிறார்.

"மம குருவரியக். நான் ஒரு ஆசிரியை எண்டு அர்த்தம். றெபேக்கா ரீச்சர் சொல்லுங்க பாப்பம்."

"மாமா குருவரியக்."

"நீட்டாதீங்க ரீச்சர். 'மம' எண்டாத்தான் நான். 'மாமா' எண்டா சிங்களத்திலயும் மாமாதான். இப்ப நீங்க சொன்னது, மாமா ஒரு பொம்புள ரீச்சர் எண்டு."

"குறில் நெடில் படிப்பிக்கிற ஆளுக்கே குறில் வரல்லையே!" என்று சதீசன் மாஸ்டரின் குரல் கேட்டது. அங்கங்கே சிரிப்பு.

ரீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாமா குருவரியக்."

"என்ன புள்ள?" என்றது பக்கத்து அறை.

அது தோமஸ் மாமா, ரீச்சரின் கணவருடைய தகப்பன். கணவர் வேலைக்குப் போன இடத்தில் பயணத்தடையில் மாட்டிக்கொண்டதால், வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான். மாமாவுக்குக் காது மந்தம். கோயில் மணி கேட்காது, தெருவில் பாண் விற்கிற பாண்காரனின் பாட்டுக் கேட்காது, கடல் இரைவது கேட்காது. 'மாமா' என்ற சொல் மட்டும் எந்த மூலையில் சொன்னாலும் கேட்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வழமையாகத் தேத்தண்ணி வருவதால், காது அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தது.

"ஒண்டுமில்ல மாமா!" என்று ரீச்சர் கத்தினார்.

"என்ன?"

வகுப்பில் ரிப்கா வேண்டுமென்றே நெற்றியைச் சுருக்கினாள். "ரீச்சர், உங்கட வீட்ட ஆரோ சிங்களத்தில கூப்பிடுறாங்க. சிங்களத்தில 'என்ன' எண்டா 'வாங்க' எண்டு அர்த்தம்."

"ரீச்சர், போங்க, மாமா வரச் சொல்றார்!" என்றார் சதீசன்.

வகுப்பு உருண்டு புரண்டது. ரீச்சர் விளக்கம் சொல்லத் தொடங்கினார். மாமாவின் காது, தேத்தண்ணி, ஆசிரியர்கள் என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மூத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று ஒரு சொற்பொழிவே நடத்தினார். எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது. முடிக்கும்போதுதான் திரையின் கீழ் மூலையில், மைக்கின் மேல் சிவப்புக் கோடு கிடப்பதைக் கண்டார். சத்தம் தாங்காமல் ரிப்கா எப்போதோ பூட்டியிருந்தாள். ஒரு சொல்லும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

றெபேக்கா ரீச்சரின் வாயை இன்னொருவர் பூட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை. பூட்டுக்கு உட்பக்கம் எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததேயில்லை. புழுக்கமாக இருந்தது.

அன்றிலிருந்து வகுப்பில் வாய் திறக்கவே பயம் வந்துவிட்டது. 'மம' என்று சொல்லப்போனால் நாக்கு 'மாமா' என்று நீட்டும். நீட்டினால் மாமா 'என்ன' என்பார். 'என்ன' என்றால் சதீசன் சிரிப்பான். தன் முறை வரும்போது என்ன செய்வது என்று யோசித்த ரீச்சருக்கு, ஒரே ஒரு குரு நினைவுக்கு வந்தார். பாதி திறந்த வாயும் காதடியில் கையுமாக.

சுலக்ஷனா விட்ட பிழையை ரீச்சர் விடவில்லை. வெறும் சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டார். காற்றாடியை நிறுத்தினார். மெதடிஸ்ற் கோயில் கலண்டர் ஆடிக் காட்டிக் கொடுக்கும் என்று அதையும் கழற்றி வைத்தார்.

"அடுத்து றெபேக்கா ரீச்சர்," என்றாள் ரிப்கா.

ரீச்சர் உறைந்தார். புருவம் கொஞ்சம் மேலே, வாய் கொஞ்சம் திறந்து, கை கண்ணாடியைத் தொட்டபடி. மூச்சைக்கூட மெல்லவே விட்டார்.

"ரீச்சர்? கேக்குதா ரீச்சர்?"

"ரீச்சருக்கு நெற் ஸ்ரக் மிஸ்," என்றார் சதீசன்.

"சரி, நாங்க அடுத்த ஆளிட்டப் போவம்."

அப்பாடா! ரீச்சருக்குக் களவாக மாங்காய் பிடுங்கி மதிலால் பாய்ந்து வந்த மாதிரி ஒரு சந்தோசம். வாழ்நாள் முழுக்க அப்படிப் பாய்கிற பிள்ளைகளைப் பிடித்துத் தண்டித்தாரே தவிர, அதிலுள்ள ருசியை அவர் அறிந்ததில்லை.

அடுத்த வகுப்பிலும் உறைந்தார். அதற்கடுத்ததிலும். மற்றவர்கள் பேசும்போது இளகிச் சிரிப்பார், குறிப்பெடுப்பார், காது கொடுத்துக் கேட்பார். தன் பெயர் வந்ததும் சிலை.

ரிப்கா சின்னப் பெண்தான், ஆனால் அவளும் பள்ளிக்கூடம் போனவள்தானே.

ஒருநாள் உடம்பின் பெயர்களும் வீட்டுப் பிராணிகளின் பெயர்களும் படிப்பித்தாள். ஒலுவ என்றால் தலை. கன் என்றால் காது, நம்முடைய கண் இல்லை. ஹூனா என்றால் பல்லி.

"அப்ப சிங்களத்தில கண்ணில குத்தினா காதிலயா மிஸ் நோகும்?" என்று சதீசன் கேட்டார். ரீச்சரும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் ரிப்கா கூப்பிட்டாள். "றெபேக்கா ரீச்சர், 'எனக்குத் தலை வலிக்குது' எண்டு சொல்லுங்க பாப்பம்."

சிலை.

ரிப்கா பொறுத்துப் பார்த்தாள். பிறகு திரையின் கிட்ட வந்து, கண்ணை அகல விரித்து, ரகசியம்போல் மெல்லச் சொன்னாள்:

"ரீச்சர்கே ஒலுவ உட ஹூனெக்!"

ரீச்சர் துள்ளினார் பாருங்கள்! கதிரை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். இரண்டு கையாலும் தலையில் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டு, கொண்டை குலைந்து, அறையைச் சுற்றி ஓடினார். தலையில் பல்லி விழுந்தால் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். ரீச்சருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பாத ஆளே அந்த ஓட்டம் ஓடினார்.

பல்லி எதுவும் இல்லை. திரும்பி வந்து திரையைப் பார்த்தபோது வகுப்பு முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சதீசன் கூடச் சிரிக்க மறந்துபோய் இருந்தார்.

"ரீச்சர்ட நெற் வந்துட்டு, அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ரிப்கா. வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

வகுப்பு முடிந்த கையோடு ரீச்சர் அவளுக்குப் போன் எடுத்தார்.

"இப்ப உன்ன மிஸ் எண்டு சொல்லவோ, தங்கச்சி எண்டு சொல்லவோ?"

"வகுப்பு முடிஞ்சுது. தங்கச்சிதான் ரீச்சர்."

"அப்ப சொல்றன் கேளு தங்கச்சி. உனக்குச் சரியான கொழுப்பு."

ரிப்கா கலகலவென்று சிரித்தாள். "நான் தமிழில பல்லி எண்டு சொல்லவேயில்லையே ரீச்சர். தலை எண்டும் சொல்லல்ல. சொன்னதெல்லாம் சிங்களம். நீங்க எப்பிடிப் பாய்ஞ்சீங்க?"

கொண்டையைச் சரிசெய்யப் போன ரீச்சரின் கை அப்படியே உறைந்து நின்றது. இம்முறை நடிப்பில்லை.

"உங்களுக்கு எல்லாம் விளங்குது ரீச்சர். யோசிக்காமலே விளங்குது. வாய்க்குத்தான் பயம்."

"பிழையாச் சொன்னா அந்தச் சதீசன் சிரிப்பான் புள்ள."

"சிரிக்கிறவங்கட மைக்கப் பூட்ட எனக்குத் தெரியாதா?"

"மறுகா ஏன் அண்டைக்கு என்டதப் பூட்டினாய்? நான் அவ்வளவும் பேசினன். ஒரு சொல்லும் ஒருத்தருக்கும் கேக்கல்ல."



"அது நான் செய்த பிழைதான் ரீச்சர்," என்றாள் ரிப்கா. "சத்தம் கூடினா கை தானாப் பூட்டிப்போடுது. இனி உங்கட மைக்கப் பூட்டமாட்டன். சத்தியமா."

கை தானாகப் பூட்டும் விசயம் ரீச்சருக்குப் புதிதா என்ன? "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்தாம் தரத்தில், 'படம்', 'பாடம்' என்று கேட்டதும் சுலக்ஷனா வழமைபோல உறைந்தாள். ஏணையைக் கவனமாகக் கழற்றியிருந்தாள்.

"ஐயோ சுலக்ஷனா, உன்ட தலையில பல்லி!"

போன் எகிறி விழுந்தது. திரையில் கூரை ஓடு தெரிந்தது, பிறகு ஒரு கால், பிறகு குலைந்த பின்னல். மற்றப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தார்கள் என்பது பார்த்துத்தான் தெரிந்தது. எல்லாம் பூட்டிய வாய்கள். தொட்டிக்குள் மீன்கள்போல் திறந்து மூடின. இதற்கு என்ன சத்தம் இருக்கும் என்று கேட்டுப் பார்க்க ரீச்சருக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. பிறகு பாடத்துக்குத் திரும்பிவிட்டார்.

வாய்மொழிப் பரீட்சை நாள் வந்தது. நேரில் கூப்பிட வழியில்லாததால் அதையும் சூமிலேயே வைத்தார்கள். இணைப்பைத் திறந்து கொடுத்துவிட்டு ஓரமாக இருப்பது ரிப்காவின் வேலை. கேள்வி கேட்பவர் கொழும்பில் இருந்த ஒரு நரைத்த ஐயா. மூக்குக் கண்ணாடி, முகத்தில் சிரிப்பில்லை, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

றெபேக்கா ரீச்சர் எல்லா ஆயத்தமும் செய்திருந்தார். மாமாவுக்கு வேளைக்கே தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தாயிற்று. கதவைச் சாத்தியாயிற்று. தன்னைப் பற்றி ஒரு பந்தி பாடமாக்கியாயிற்று. அதில் ஒரு சொல்லும் விடாமல் ஒப்புவித்தால் அதிபர் கதிரை. விட்டால் சதீசன்.

ஐயா ஏதோ கேட்டார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதாகத்தான் இருக்கும். ரீச்சர் மூச்சை இழுத்தார்.

"மாமா குருவரியக்."

"என்ன புள்ள?" என்றது கதவுக்கு அந்தப் பக்கம்.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். ரீச்சர் அவசரமாக அடுத்த வசனத்துக்குத் தாவினார். "மாமா இன்னே கல்லடி."

"என்ன?"

"மாமா தெமள உகன்வனவா."

"என்ன புள்ள, என்ன?"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அவர் காதில் விழுந்தது என்னவென்று நினைத்துப் பாருங்கள். மாமா இருப்பது கல்லடியில், மாமா தமிழ் படிப்பிக்கிறார் என்று இந்த அம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் மாமாவைப் பற்றியே சொல்கிறார். உள்ளேயிருந்து யாரோ, வாங்க, வாங்க, வாங்க என்று உயிர் போகிற மாதிரிக் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டில் யாரோ வருத்தம் கடுமையாகிப் படுக்கையில் கிடக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். நல்ல மனிசன். கையை அசைத்து அவசரமாகச் சொன்னார்:

"யன்ன, யன்ன!"

யன்ன என்றால் போங்க.

ரீச்சருக்கு அது நன்றாகவே விளங்கியது. போங்க! பந்தி பாதிகூட முடியவில்லை. அதற்குள் போங்க! கண்ணுக்கு முன்னால் சதீசன் கதிரையில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, "லீவுக் கடதாசியை அங்க வைங்க ரீச்சர்" என்றார். றெபேக்கா ரீச்சருக்கு வந்ததே கோபம்!

"யன்ன பே!" என்றார். "மம யன்னே நே!"

நான் போகமாட்டேன் என்று சிங்களத்தில் சொன்னார். பாடமாக்கின பந்தியில் அப்படியொரு வசனம் இல்லை. 'மம' என்றது அச்சொட்டான குறில். கோபத்தில் நீட்ட நேரம் ஏது?

அதே நேரம் கதவு திறந்தது. சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையில் வெறுங்கோப்பையோடு தோமஸ் மாமா உள்ளே வந்தார். "எத்தின தரம் புள்ள கூப்பிடுவாய்? வாறன்தானே."

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ரீச்சர் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினார். வந்த வந்த சொல்லையெல்லாம் பொறுக்கி, வேலி பின்னுகிற மாதிரிப் பின்னினார். இதுதான் ஐயா என்னுடைய மாமா. மாமாவுக்குக் கன் கேட்காது. நான் 'மம' என்றால் இவர் 'மாமா' என்று நினைக்கிறார். இவர் சொல்லும் 'என்ன' சிங்கள 'என்ன' இல்லை, தமிழ் 'என்ன', உங்கள் 'மொகத'. இவர் உங்களையோ என்னையோ வரச் சொல்லவில்லை. இவர் கேட்பது தேத்தண்ணி. "மாமா தே இல்லனவா!"

சிங்களத்தில் 'இல்லனவா' என்றால் கேட்கிறார் என்று அர்த்தம். ஆனால் ரீச்சர் அதைச் சொன்னது மாமாவின் காதடியில் நின்று. அவருக்கு விழுந்தது 'தே இல்ல' என்பதுதான்.

"தே இல்லையா?" என்று மாமா திடுக்கிட்டார். "நேத்துத்தானே புள்ள தேயில வாங்கின? அதுக்குள்ள முடிஞ்சுதா?"

அதையும் ரீச்சர் ஐயாவுக்கு விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. வினைச்சொல் ஓரிடத்தில் தலைகீழாக நின்றது. பன்மை வர வேண்டிய இடத்தில் ஒருமை வந்தது. ரீச்சர் கவனிக்கவேயில்லை. நடுவில் அவருக்கே சிரிப்பு வந்து, சிரிப்போடு சேர்த்துச் சொன்னார். ஐயாவின் முகம் முதலில் கோணியது, பிறகு குலுங்கியது. கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓரத்துச் சதுரத்தில் ரிப்கா தன்னுடைய மைக்கைத் தானே பூட்டிவிட்டு, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தாள்.

"கிஹின் என்ன," என்றார் ஐயா.

போயிற்று வாங்க. ரீச்சருக்கு உடனே விளங்கியது. நாம் யாரையும் வெறுமனே போ என்று அனுப்பமாட்டோம், போயிற்று வா என்போம். அவர்களும் அப்படித்தானாக்கும். ரீச்சர் போனார். தேத்தண்ணி ஊற்றினார். வந்து பார்த்தால், தன்னுடைய கதிரையில் மாமா இருந்து திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஐயா அவரிடம் சிரித்துச் சிரித்து என்னவோ பேசிக்கொண்டிருக்கிறார்.

"இது ஆரு புள்ள இந்த ஐயா?" என்றார் மாமா. "அப்ப இருந்து வாய அசைக்கிறார், சத்தம் வரல்ல. இவருக்கும் நீ பூட்டுப் போட்டுட்டியா?"

அதைச் சிங்களத்தில் சொல்லும்படி ஐயா கேட்டார். ரீச்சர் சொன்னார். அதுதான் கடைசிக் கேள்வி.

சித்தி. நல்ல புள்ளிகளோடு சித்தி. செய்தி வந்த அன்று சதீசன் மாஸ்டர் எழுதியிருந்தார்: "வாழ்த்துகள் அதிபர் அவர்களே. மாமாவுக்கும் சேர்த்து." ரிப்காவிடம், நினைத்திருந்தால் மாமா கத்துகிற நேரம் மட்டும் மைக்கைப் பூட்டியிருக்கலாமே என்று ரீச்சர் கேட்டார். "பூட்டமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினேனே ரீச்சர். பூட்டியிருந்தா நீங்க அந்தப் பந்தியச் சொல்லி முடிச்சிருப்பீங்க. சொன்ன மூணு வசனத்திலயும் மாமாதான் இருந்தார், சித்தி வந்திருக்காது," என்றாள் அவள்.

மறுநாள் காலை பத்தாம் தரத்தில் ரீச்சர் முதல் வேலையாக, "எல்லாரும் மைக்கத் திறங்க புள்ளையள்," என்றார்.

பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அம்மம்மா! பாண்காரனின் பாட்டு, ஏணைக் கயிறு கிறீச்சிடுவது, ஒரு சேவல், யாரோ ஒருவரின் அம்மா "கோப்பையைக் கழுவிப்போட்டுப் படி" என்று ஏசுவது, எல்லாவற்றுக்கும் பின்னால் கடல். ரீச்சர் சத்தம் தாங்காமல் திரைக்குக் கையைக் கொண்டுபோனார். விரல் தானாகவே பூட்டைத் தேடியது. இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது.

"நெடிலுக்கு எத்தினை மாத்..." என்று தொடங்கி, அப்படியே உறைந்தார்.

"ரீச்சர்?" என்றது ஒரு குரல். "ரீச்சருக்கு ஸ்ரக்டி!" என்றது இன்னொன்று. "உண்மையாவா?" "ஓம்கா, பாரு, கண்ணே வெட்டல்ல." கொஞ்ச நேரத்தில் சந்தை கூடிவிட்டது. சுலக்ஷனா மூக்குநுனியில் இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரீச்சரின் குரலிலேயே கேட்டாள்: "விளங்கிற்றா?"

"விளங்கல்ல ரீச்சர்!" என்று மற்ற இருபத்தொன்பது வாயும் ஒன்றாகக் கத்தின.

ரீச்சருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். இத்தனை வருடமாகக் கேட்டும் கிடைக்காத பதில் இப்போதல்லவா கிடைக்கிறது!

"பொறுங்கடி," என்றாள் சுலக்ஷனா திடீரென்று. அவள் கண் சுருங்கியது. உறைகிறவளுக்குத்தானே உறைந்தவரின் நுணுக்கம் தெரியும். "இது ஸ்ரக் இல்ல. பொறுங்க, நான் பாக்கிறன். ரீச்சர்! உங்கட தலையில பல்லி!"

றெபேக்கா ரீச்சர் அசையவில்லை. யாரிடம் யார் காட்டுகிற வித்தை? ரிப்காவிடம் வாங்கி இவளுக்குக் கொடுத்ததே அவர்தானே.

"உண்மையா ரீச்சர், பல்லி!"

அசையவில்லை.

பின்னால் கதவு திறந்தது. தோமஸ் மாமா வெறுங்கோப்பையோடு வந்து, மருமகளைப் பார்த்து, நின்றார்.

"புள்ள," என்றார் மெல்ல. "தலைய ஆட்டாத. பல்லி ஒண்டு கிடக்கு."

மாமாவுக்குக் காது கேட்காது. சுலக்ஷனா கத்தியது அவருக்கு விழுந்திருக்க வழியே இல்லை. இதை யோசித்து முடிக்க ரீச்சருக்கு இரண்டு மாத்திரை நேரம் எடுத்தது.

"மாமா!" என்று அலறினார். கல்லடிப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டும் நல்ல நெடில்.

"என்ன புள்ள?" என்றார் மாமா.